திருமலை விளையாட்டுக் கழகங்களுக்கு: நடக்கச் சொன்னது காணும், ஏதாவது ஒண்டு பழக்கி விடுங்க

திருகோணமலை மாவட்டத்து விளையாட்டுக் கழகங்கள்ட தலைவர்மார், செயலாளர்மார், கோச்மார், கிறவுண்ட் கேற்றுத் திறப்பு ஆரிட்ட இருக்கோ அந்த அண்ணா உட்பட எல்லாருக்கும் வணக்கம்.

இந்தக் கடிதத்தை எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசுக்கோ சபைக்கோ எழுதாம உங்களுக்கு எழுதுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. அவங்க தங்கட பங்குக்கு சொல்ல வேண்டியதை சொல்லிட்டாங்க, கிளினிக்கில சுகர் பாத்து பிறஷர் பாத்து கொப்பியில எழுதி "அம்மா நடங்க, சோத்தைக் குறைங்க" எண்டு சொல்லி அனுப்புறாங்க, அந்த லைனில நிக்கிற சனத்தைப் பாத்தா அதுக்கு மேல ஒரு டொக்டரால என்ன செய்யேலும். ஆனா பந்தை எப்பிடி எடுக்கிறது, கம்பை எப்பிடி சுத்துறது, தண்ணிக்குள்ள முகத்தைப் போட்டு எப்பிடி மூச்சு விடுறது எண்டு தெரிஞ்ச ஆக்கள் உங்கட கழகங்களுக்குள்ளதான் இருக்கிறாங்க. எங்களுக்கு இப்ப தேவை அந்த ஆக்கள்.

எங்களுக்கு எண்டா ஆருக்கு? 35 தாண்டினவங்க, ஒபிஸ், கடை, ஓட்டோ, தையல் மெஷின் எண்டு இருந்த இடத்திலயே வேலை செய்யிறவங்க, ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் மீட்டில இல்லத்துக்காக ஓடினதோட விளையாட்டுக்கு பை சொன்னவங்க. பொம்பிளையள் எண்டா இன்னும் மோசம், ஓ.எல் வரைக்கும் நெட்போல் விளையாடின பிள்ளைக்கு அதுக்குப் பிறகு பந்தைத் தொட இந்த ஊரில ஒரு இடம் இருந்ததா எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்க. உங்கட கழகத்தில எங்களுக்கு இருக்கிற ஒரே இடம் கதிரை. பைனல் அண்டைக்கு வந்து இருந்து கைதட்டலாம், லொத்தர் ரிக்கெட் வாங்கலாம், அவ்வளவுதான்.

எங்கட உடம்புக்காக ஊரில ஒண்டும் நடக்கேல்ல எண்டு சொல்ல வரேல்ல. நடைபவனி வைக்கிறாங்க, ரீசேர்ட் தாறாங்க, தண்ணிப் போத்தலும் வாழைப்பழமும் தாறாங்க, பனருக்கு முன்னால நிண்டு போட்டோவும் எடுத்தாச்சு, அடுத்த நாள் விடிய கோட்டை வாசலால கோணேசர் கோயிலுக்கு ஏறுற றோட்டில போய்ப் பாத்தா எப்பவும் நடக்கிற அதே ஆக்களும் மானும்தான் நிக்கும். ரீசேர்ட் வாங்கின நாங்க வீட்டில நித்திரை. இதை சோம்பல் எண்டு சொல்லிப்போட்டு விடுறது லேசு, நானும் கனகாலமா அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருந்தனான், ஆனா இந்தச் சோம்பேறிச் சனம்தான் விடிய நாலரைக்கு எழும்பி சமைச்சு பிள்ளையளை அனுப்பிப்போட்டு பஸ் ஏறி வேலைக்குப் போகுது, அதால அந்தக் கதை பொருந்தாது.

உலக சுகாதார ஸ்தாபனம் 2020ல சொன்ன கணக்கு பெரியாக்களுக்கு கிழமைக்கு 150 நிமிசத்தில இருந்து 300 நிமிசம் வரைக்கும் ஓரளவு மூச்சு வாங்கிற மாதிரி அசைவு, அதோட ரெண்டு நாளாவது தசைக்குப் பலம் குடுக்கிற வேலை. இந்தக் கணக்கு எங்கள்ல பாதிப் பேருக்கு மனப்பாடம், வட்ஸ்அப்பில வாரத்துக்கு ரெண்டு தரமாவது வருகுது. தெரியாததால ஒருத்தரும் விடேல்ல. தொடங்கினவங்க ஏன் விடுறாங்க எண்டதைத்தான் ஆரும் பாக்கிறேல்ல.

நான் பாத்த வரைக்கும் விசயம் இதுதான். நடை நல்லது, குறை சொல்லேல்ல, ஆனா அதில பழகுறதுக்கு ஒண்டும் இல்ல. முதல் நாள் நடந்த அதே நடையைத்தான் ஒரு வருசம் கழிச்சும் நடப்பீங்க, அப்ப நீங்க முன்னேறினீங்களா எண்டு சொல்லுறதுக்கு மிச்சம் இருக்கிற ஒரே சாட்சி தராசு, அந்தத் தராசு இருக்கே, அது போல ஒரு மெதுவான சாமான் உலகத்தில இல்ல. ரெண்டு கிழமை வேர்க்க வேர்க்க நடந்துபோட்டு ஏறி நிண்டா அதே நம்பர், சில வேளை அரைக் கிலோ கூட. ஆனா உடம்புக்குள்ள வேலை நடக்காம இல்ல. புதுசா பலம் குடுக்கிற பயிற்சி தொடங்கினவங்களுக்கு முதல் சில கிழமையில கூடுற பலம் பெரும்பாலும் தசை பெருத்து வாறதில்ல, இருக்கிற தசையை வேலை வாங்க நரம்பு பழகிக்கொள்ளுறதால வாறது. அது தராசிலயும் தெரியாது கண்ணாடியிலயும் தெரியாது. நேற்று சுவரில கை ஊண்டி புஷ் அப் எடுத்தவள் இண்டைக்கு மேசையில ஊண்டி எடுக்கிறாள் எண்டதில மட்டும்தான் தெரியும். அந்த மேசையை எங்களுக்கு ஒருத்தரும் காட்டித் தரேல்ல, தராசை மட்டும்தான் காட்டினாங்க.

இது என்ட சொந்தக் கண்டுபிடிப்பு இல்ல. ரிச்சர்ட் ரயன் எண்ட அமெரிக்க உளவியல்காரரும் அவரோட ஆக்களும் 1997ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, டைகொண்டோ வகுப்புக்கு வாறவங்களையும் ஏரோபிக்ஸ் வகுப்புக்கு வாறவங்களையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்தது. ஏரோபிக்ஸ்காரர் கூடுதலா உடம்பைக் குறைக்க, வடிவா இருக்க எண்டு வந்தவங்க, டைகொண்டோகாரர் சந்தோசத்துக்காகவும் அதில கெட்டிக்காரர் ஆகவேணும் எண்டும் வந்தவங்க, விடாம வந்தது ரெண்டாவது கூட்டம்தான். உடம்பு வடிவுக்காக வந்த ஆசை ஆளைக் கூட்டிக்கொண்டு வரும், வச்சிருக்காது. இவரோட கூட வேலை செய்த எட்வர்ட் டெசி அதுக்கும் முந்தி 1971லயே இன்னொண்டைக் காட்டினவர், புதிர்க்கட்டை விளையாடின மாணவர்கள்ல கொஞ்சப்பேருக்கு காசு குடுத்துப்போட்டு பிறகு நிப்பாட்டினா, காசு நிண்ட பிறகு அவங்க தாங்களா அதைத் தொடுற நேரம் குறைஞ்சு போச்சு. அதால "மூண்டு மாசத்தில கூட கிலோ குறைக்கிறவங்களுக்கு பிறைஸ்" எண்டு போட்டி வைக்கிற யோசனை ஆருக்காவது இருந்தா தயவுசெய்து ஒருக்கா யோசிங்க. பிறைஸ் குடுத்த அண்டைக்கே அது முடிஞ்சு போகும்.

சரி, அப்ப உங்களிட்ட என்ன கேக்கிறன். முதல்ல வொலிபோலை எடுப்பம், ஏனெண்டா எந்தக் கிராமத்துக்குப் போனாலும் ரெண்டு கம்பும் ஒரு நெட்டும் இருக்கு, 1991ல இருந்து அதுதான் இந்த நாட்டின்ட தேசிய விளையாட்டும் கூட. ஆனா அது எப்பிடி உண்டானது எண்டு உங்கள்ல எத்தினை பேருக்குத் தெரியும்? 1895ல அமெரிக்காவில ஹோலியோக் எண்ட ஊரில வை.எம்.சி.ஏ.யில உடற்பயிற்சி பழக்கின வில்லியம் மோர்கன் தன்னட்ட வாற நடுத்தர வயசு வியாபாரிமாருக்கு பாஸ்கெட்போல் சரியான முரட்டு விளையாட்டாப் போச்சு எண்டு அவங்களுக்காகவே யோசிச்சு உண்டாக்கினது. ஒருத்தரை ஒருத்தர் இடிக்கத் தேவையில்ல, ஓட்டம் குறைவு, நடுவில நெட். 1916ல அதே வை.எம்.சி.ஏ. ஆள் ஒருத்தர், வோல்டர் கமாக், இலங்கைக்குக் கொண்டு வந்தார். அதாவது தொந்தியும் முழங்கால் நோவும் இருக்கிற எங்களுக்கெண்டு உண்டாக்கின விளையாட்டை 22 வயசுப் பெடியங்கள் எடுத்து வச்சுக்கொண்டு எங்களைக் கதிரையில இருத்தி வச்சிருக்கிறீங்க!

நெட்டின்ட உயரம் ஆம்பிளையளுக்கு 2.43 மீற்றர், பொம்பிளையளுக்கு 2.24, அது போட்டிக்கு. எங்களுக்கு ரெண்டு மீற்றருக்கு இறக்கிக் கட்டுங்க, ஆரும் வந்து பிடிக்க மாட்டாங்க. முதல் கிழமை அடிக்கவே விட வேண்டாம், பிடிச்சு எறியட்டும், பந்தைக் கண்டா கண்ணை மூடுற பயம் முதல்ல போகவேணும். பிறகு கையை நீட்டிச் சேர்த்து அண்டர் ஆம், ஒருத்தர் எறிய ஒருத்தர் எடுக்கிறது, மணிக்கட்டில படாம அதுக்குக் கொஞ்சம் மேல முழங்கைப் பக்கமாப் படவேணும் எண்டு ஆராவது சொல்லித் தந்தாலே பாதி நோவு குறையும், இல்லாட்டி முதல் நாளே கை சிவந்து வீட்ட போனவள் பிறகு வரவே மாட்டாள். நாலு தரம் தொடர்ந்து எடுத்தா அடுத்தது பத்து. பத்து எடுத்தவளுக்கு சேர்விஸ், முதல்ல பாதிக் கோர்ட்டில நிண்டு, பிறகு ஒரு அடி பின்னால, இன்னொரு அடி பின்னால. இந்த ஒரு அடிக்காக மனிசர் வருவாங்க, நம்புங்க. அடுத்த கிழமை இன்னொரு அடி பின்னால நிண்டு போட ஏலுமா எண்டு பாக்கவேணும் எண்ட அரிப்பு சுகர் ரிப்போட்டால வராது.

இதை நீங்க ஏற்கெனவே பிள்ளையளில கண்டிருப்பீங்க. ரவுணில கராட்டி வகுப்பு நடக்கிற எந்த ஹோலுக்கும் போய்ப் பாருங்க, உள்ள பிள்ளை யெலோ பெல்ட்டில இருந்து ஒரேஞ்சுக்குப் போறதுக்கு காய்ச்சலோடயும் வந்து நிக்கிது. வெளிய வாங்கில அம்மாமாரும் ரெண்டு மூண்டு அப்பாமாரும் ஒரு மணித்தியாலம் போனைத் தடவிக்கொண்டு இருக்கிறாங்க. ஜூடோவில ஜிகோரோ கானோ 1883லயே தன்னட்டப் பழகினவங்களுக்கு டான் எண்டு படி வச்சுக் குடுக்கத் தொடங்கினவர், படி கண்ணுக்குத் தெரிஞ்சா ஆக்கள் ஏறுவாங்க எண்டது அவ்வளவு பழைய விசயம். நான் கேக்கிறது அந்த வாங்கில இருக்கிறவங்களை. பிள்ளை உள்ள பழகுற அதே நேரம் அதே வளவுக்குள்ள ஒரு மூலையில பெரியாக்களுக்கு ஏதாவது ஒண்டைப் பழக்குங்க, வேற நேரம் ஒதுக்கத் தேவையில்ல, பிள்ளையை ஆர் பாக்கிறது எண்ட பிரச்சினை இல்ல, பெற்றோல் செலவு கூட இல்ல, ஆள் அங்கதான் இருக்கிறார். இதை ஏன் இதுவரைக்கும் ஒரு கழகமும் செய்யேல்ல எண்டது எனக்கு விளங்கேல்ல.

நீச்சலைப் பற்றி தனியாக் கதைக்க வேணும். மூண்டு பக்கமும் கடலை வச்சுக்கொண்டு நாங்க நீந்தத் தெரியாத சனம். கடற்கரைக்குப் போறம், கச்சான் வாங்கிச் சாப்பிடுறம், கால் நனைக்கிறம், வாறம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அந்தக் கால் நனைக்கிறதைக் கூட விட்ட வீடுகள் இருக்கு, அந்தப் பயத்தை நான் லேசாக் கதைக்க மாட்டன், அப்பிடிப்பட்ட ஆளை ஆரும் கையைப் பிடிச்சு இழுக்கவும் கூடாது. ஆனா பழகவேணும் எண்டு ஆசைப்படுற ஆக்களும் கனபேர் இருக்கிறாங்க. 2024ல எங்கட திருமலைப் பெடியன், 13 வயசு, பாக்குநீரிணையை நீந்திக் கடந்தான், ஊரே மாலை போட்டது, பேஸ்புக் முழுக்க அவன்ட படம்தான், படத்தைப் போட்ட எங்கள்ல எத்தினை பேருக்கு ஒரு நிமிசம் மிதக்கத் தெரியும்?

சித்திரை தொடக்கம் புரட்டாதி வரைக்கும் எங்கட பக்கத்துக் கடல் பெரும்பாலும் அமைதி, டச் பே மாதிரி வளைஞ்ச குடா இருக்கு, நீந்தத் தெரிஞ்ச பெடியங்கள் உங்களிட்ட இருக்கிறாங்க. இடுப்பளவுத் தண்ணி காணும். முதல்ல நிண்டபடி முகத்தை நனைக்கிறது, பிறகு தண்ணிக்குள்ள வாயாலயும் மூக்காலயும் மூச்சை வெளிய விடுறது, இதுதான் அரைவாசி நீச்சல், ஏனெண்டா பழகாத எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு பிறகு திணறுறாங்க. அதுக்குப் பிறகு மல்லாக்கா மிதக்கிறது, எழும்பி நிக்கப் பழகுறது, காலடிக்கிறது. முழங்கால் தேய்ஞ்சவங்களுக்கு தண்ணி உடம்பைத் தாங்குறதால றோட்டில நடக்கிறதை விட இது லேசு. ஐப்பசி பிறந்து வாடை தொடங்கினா நிப்பாட்டிப் போடுங்க, அந்தக் கடலில வீரம் காட்ட வேண்டாம். பழக்கிறவரைத் தவிர கரையில நிண்டு எண்ணிக்கொண்டிருக்க இன்னொரு ஆளும் வேணும், கயிறும் மிதவையும் வேணும், அது இல்லாட்டி தொடங்கவே வேண்டாம்.

சுகர் உள்ள ஆக்கள் வருவாங்க, வரத்தான் வேணும், அவங்களைப் பற்றியும் கோச்மாருக்குத் தெரிஞ்சிருக்கட்டும். இன்சுலின் போடுறவங்களுக்கும் சில வகைக் குளிசை எடுக்கிறவங்களுக்கும் விளையாடேக்க சுகர் சட்டெண்டு இறங்கலாம், கை நடுங்கி வேர்த்து கதை குழறினா உடன இருத்தி இனிப்பா ஏதாவது குடுக்கவேணும், ரெண்டு டொபி கோச்சின்ட பொக்கெற்றில எப்பவும் கிடக்கட்டும். காலில உணர்ச்சி குறைஞ்சவங்க வெறுங்காலோட மணலில இறங்கக் கூடாது, சிப்பி வெட்டினது தெரியாமலே புண்ணாப் போகும். நெஞ்சு நோவு, ஒப்பரேசன் எண்டு கதை உள்ளவங்க டொக்டரைக் கேட்டுப்போட்டு வரட்டும். கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல பின்னேரம் அஞ்சு மணிக்கு முந்தி ஆரையும் வெயிலுக்குள்ள இறக்காதீங்க.

சிலம்பம் தெரிஞ்ச ஐயாமார் இன்னும் கிராமங்கள்ல இருக்கிறாங்க, கோயில் ஊர்வலத்தில மட்டும்தான் நாங்க அவங்களைக் காணுறம். ஒரு கம்பு, கொஞ்சம் வெறுநிலம், காலடி பழகவே கனநாள் எடுக்கும், அதுதான் அதின்ட நன்மையே.

பொம்பிளையளுக்கு எண்டு வரேக்க "வரலாம் தானே, ஆர் வேண்டாம் எண்டது" எண்டு சொல்லுறது காணாது. றோட்டோர கிறவுண்டில, வேலியில ஏறி இருந்து பாக்கிற பெடியங்களுக்கு முன்னால, 42 வயசில முதல் தரம் பந்து எடுக்கப் பழகச் சொன்னா ஆர் வருவா? கிழமையில ஒரு நாளாவது பொம்பிளையளுக்கு மட்டும் எண்டு ஒதுக்குங்க, முடிஞ்சா பொம்பிளை கோச், ஏலாட்டி வயசான மரியாதையான ஆள். சல்வாரோ அபாயாவோ ட்ராக் பொட்டமோ, உடுப்பைப் பற்றி ஒரு சொல் கதைக்கக் கூடாது. கிண்ணியா, மூதூர் பக்கத்து சகோதரிமாரும் இதைத்தான் சொல்லுவாங்க, சிங்கள ஊர்களிலயும் வேற மாதிரி இருக்கும் எண்டு நான் நினைக்கேல்ல. அதோட இன்னொண்டு, பந்தை விட்டா "அன்ரி குனிய ஏலாதோ" எண்டு கத்துற பகிடிக்காரத் தம்பிமார் ஒவ்வொரு கழகத்திலயும் ரெண்டு பேர் இருப்பாங்க, அவங்களை அந்த ஒரு மணித்தியாலம் வேற எங்கயாவது அனுப்பி விடுங்க.

ஆர் பழக்கிறது எண்டு கேப்பீங்க. டீமில விளையாடுற பெடியங்களை நான் கேக்கேல்ல, அவங்களுக்கு பிராக்டிஸ் இருக்கு. ஒரு காலத்தில மக்கெய்சர் கிறவுண்டில கோல் அடிச்சு ஊரைக் கலக்கிப்போட்டு இப்ப முழங்காலில பிளாஸ்டரோட பைனலுக்கு மட்டும் வந்து "எங்கட காலத்தில" எண்டு கதை சொல்லுற அண்ணாமார் இருக்கிறாங்களே, அவங்கதான் பொருத்தமான ஆக்கள். வேகம் இல்ல, ஆனா கண் இருக்கு. எங்கட வயசு நோவும் தெரியும். ஒரு எச்சரிக்கை மட்டும், கெட்டிக்காரனுக்குத் தான் எப்பிடிப் பழகினனான் எண்டது மறந்து போயிருக்கும், "சும்மா அடி, வரும்" எண்டு சொல்லுவார், வராது. அதால ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு மட்டையில ஏழெட்டுப் படி எழுதி வையுங்க, ஆள் எந்தப் படியில நிக்கிறா எண்டு திகதியோட குறிச்சுக் குடுங்க. நிறையைக் கேக்கவே வேண்டாம், இடுப்பு அளவும் வேண்டாம்.

இதால எல்லாருக்கும் சரி வரும் எண்டு நான் பொய் சொல்லேல்ல. சிலருக்கு நடைதான் விருப்பம், காதில பாட்டைப் போட்டுக்கொண்டு தனிய நடக்கிற அந்த அரை மணித்தியாலம்தான் ஒரு நாளில அவங்களுக்குக் கிடைக்கிற ஒரே நிம்மதி, அவங்களைக் கூப்பிட்டுக் கரைச்சல் குடுக்க வேண்டாம். பழக வந்தவங்களுக்கும் ஒரு கட்டத்தில ஏற்றம் நிண்டு போகும், எவ்வளவு அடிச்சாலும் அதே இடத்திலதான் நிப்பாங்க, கனபேர் விடுறது அங்கதான். அந்த நேரம் கோச் பேசாம இருந்தா ஆள் போச்சு. வேற ஒரு அடி பழக்குங்க, இல்லாட்டி புதுசா வந்தவங்களுக்குப் பழக்க விடுங்க, அம்பயரிங் பழக்குங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா பந்தை விட விசிலைத்தான் விரும்புவா எண்டு இப்பவே சொல்லலாம்.

காசைப் பற்றி வீணாப் பயப்படாதீங்க. ஜிம்முக்கு ஒரு மாசம் கட்டிப்போட்டு ரெண்டு கிழமையில விடுற சனம் நாங்க, கழகத்துக்கு மாசம் மாசம் சின்னத் தொகை தர மாட்டமா? ஒரு பழைய நெட்டும் ரெண்டு பந்தும் எங்கட செலவிலயே வாங்கலாம். டூர்னமெண்ட் நடக்கிற கிழமையில கிறவுண்ட் வேண்டாம், மிச்ச நாளில ஒரு மூலை காணும், முழு கிறவுண்டும் தந்தாலும் எங்களால ஓட ஏலாது.

உங்கட அடுத்த பொதுக்கூட்டத்தில "பெரியாக்களுக்குப் பழக்கும் நேரம்" எண்டு ஒரு வரியை நிகழ்ச்சி நிரலில போடுங்க. எந்த நாள், எத்தினை மணி, ஆர் பழக்கிறது, கேற்றைத் திறக்கிறது ஆர், இந்த நாலையும் அண்டைக்கே முடிவெடுங்க, "பாப்பம்" எண்டு எழுதி முடிக்க வேண்டாம், எங்கட ஊரில "பாப்பம்" எண்டா என்ன அர்த்தம் எண்டு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். முடிவை கழகத்து நோட்டீஸ் போட்டில ஒட்டி ஒரு போட்டோ எடுத்து ஊர் வட்ஸ்அப் குறூப்பில போட்டா காணும், ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறது எங்கட பொறுப்பு.

இப்படிக்கு,
உப்புவெளிப் பக்கத்தில இருந்து ஒரு அக்கா
(வொலிபோல், அண்டர் ஆம், ரெண்டாம் படி)